கீழிருந்து மேலே: ரோமானியப் பாலத்தை வாட்டர்கலரில் கட்டுவது

ரோமானியக் கட்டடம் வரையலாம் என்றதும் என் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் கொலோசியத்தைத்தான் கேட்பார்கள். நான் கொடுப்பதில்லை. தரைத்தளத்தில் மட்டும் 80 வளைவுகள், அதுவும் நீள்வட்டமாகத் திரும்பிப் போகும் சுவரில். பாதியில் அழுகை வந்துவிடும். தெற்கு பிரான்ஸில் நீம் நகருக்குத் தண்ணீர் கொண்டுபோன 'பான் து கார்' பாலத்தைத்தான் கொடுப்பேன். கி.பி. முதல் நூற்றாண்டில் கட்டியது. மூன்றே அடுக்கு, நேராக நிற்கிறது.

முதல் நாள் அதையும் தொட வேண்டாம். காலை வெயிலில் புதுச்சேரி பாரதி பூங்காவுக்குப் போய் ஆயி மண்டபத்துக்கு எதிரே உட்காருங்கள். மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்திலிருந்து புதுச்சேரிக்குத் தண்ணீர் வந்ததன் நினைவாகக் கிரேக்க-ரோமானியப் பாணியில் எழுப்பிய மண்டபம் அது. அதை வரைய வெள்ளை பெயின்ட் டியூபைத் திறக்கவே கூடாது. தாளின் வெண்மைதான் சுவர். வானம், பின்னால் தெரியும் மரங்கள், வளைவுக்குள் விழும் நிழல், இந்த மூன்றை மட்டும் போடுங்கள். மண்டபம் தானாக எழுந்து நிற்கும்.

சிலர் புதுச்சேரிக்குப் பக்கத்தில், ரோமோடு வணிகம் நடந்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டுக்குப் போய் ரோமானியச் சுவர் தேடுகிறார்கள். அங்கே நிற்கும் செங்கல் இடிபாடு 18ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ மிஷன் கட்டடத்தினுடையது. ரோமிலிருந்து அங்கே வந்தவை மதுச்சாடிகளும் மட்பாண்டங்களும்தான். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டி எடுத்தவற்றில் அவையும் உண்டு. பானை வரையப் பிடித்தால் அது தனி வகுப்பு.

சரி, பாலத்துக்கு வருவோம். 300 ஜிஎஸ்எம் கோல்டு பிரெஸ்டு தாள் (கனமான, சற்றுச் சொரசொரப்பான வாட்டர்கலர் தாள்), 2பி பென்சில், 8ஆம் எண் ரவுண்டு பிரஷ், ஒரு மெல்லிய பிரஷ். வண்ணம் மூன்று போதும்: யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரைன் (அடர்நீலம்). பார்த்து வரையும் புகைப்படத்தில் கவனம் வேண்டும். 1740களில் பாலத்தின் ஒரு பக்கத்தை ஒட்டிச் சாலைப் பாலம் ஒன்று கட்டினார்கள். அது தெரியாத பக்கத்துப் படமாக எடுங்கள்.

பென்சில் வேலையைக் கட்டிய வரிசையிலேயே செய்ய வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. முதலில் கீழ் அடுக்குத் தூண்கள். அடியில் 6 வளைவுகள், ஆனால் எல்லாம் ஒரே அகலம் இல்லை. ஆற்றின் மேல் நிற்பது மட்டும் 24 மீட்டரைத் தாண்டும். சமமாகப் பிரித்தால் படம் அங்கேயே கெட்டுவிடும். தூண்கள் எழுந்தபின் மரத்தில் சென்டரிங் (வளைவைத் தாங்கும் தற்காலிகச் சட்டம்) அடித்து, ஆப்பு வடிவக் கற்களை இரு பக்கமிருந்தும் அடுக்கி, உச்சிக்கல்லை இறக்கியதும் சென்டரிங்கைப் பிரித்தார்கள். நீங்களும் இரு காலிலிருந்தும் கோட்டை மேலே ஏற்றி உச்சியில் சேருங்கள். பிறகு நடு அடுக்கில் 11 வளைவுகள். தூணுக்கு நேர் மேலே தூண் வரும்; பாரம் அப்படித்தான் தரைக்கு இறங்குகிறது. உச்சி அடுக்கில் சின்ன வளைவுகள், முன்பு 47 இருந்தன, இப்போது 35.

முதல் வாஷ், அதாவது தாளில் பரப்பும் மெல்லிய வண்ணப் பூச்சு, ஓக்கர், நீர்த்தது, பாலம் முழுக்க. அங்கே கிடைக்கும் சுண்ணாம்புக் கல் மஞ்சள் சாயல் கொண்டது. நம் ஊர்க் கடல்காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், தாள் லேசில் காயாது. புறங்கையால் தொட்டால் குளிர்ந்திருக்கும்; அந்தக் குளிர்ச்சி போகும்வரை நிழலைத் தொடாதீர்கள். சித்திரையில் நேர்மாறு. ஃபேனை நிறுத்தாவிட்டால் வாஷ் நடுவிலேயே காய்ந்து கோடு விழும்.

நிழலுக்கு அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும், நீலம் சற்றுத் தூக்கலாக. வளைவின் உட்புறத்தை ஒரே கறுப்பாக அடைக்காதீர்கள். வெயில் ஆற்றில் பட்டு மேலே தெறிப்பதால் அங்கே லேசான வெதுவெதுப்பு இருக்கும். ஈரத்திலேயே ஒரு துளி சியன்னா விடுங்கள். கீழ் வளைவுகளைப் பக்கம் பக்கமாகத் தனித்தனி வளையங்களாகக் கட்டியதால் அடிப்புறத்தில் இணைப்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடும். காய்ந்தபின் மெல்லிய பிரஷ்ஷால் ஓரிரண்டு போதும்.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த இடம். சுவரிலிருந்து அங்கங்கே கற்கள் துருத்திக்கொண்டு நிற்கும். அழகுக்காக வைத்ததல்ல, சாரம் தாங்க விட்டவை; வேலை முடிந்தும் செதுக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் பிரஷ் நுனியால் கரும்புள்ளி ஒன்று வையுங்கள். தட்டையாகக் கிடந்த சுவருக்கு உடனே கனம் வந்துவிடும்.

கடைசியாகக் கால்வாய் ஓடும் மேல்விளிம்பு. ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளக் கால்வாய்க்கு அவர்கள் வைத்த மொத்த வாட்டம் சுமார் 12 மீட்டர்தான். பாலத்தின் மேல் அது சில சென்டிமீட்டர்கூடத் தேறாது. ஆகவே அந்த ஒரு கோட்டுக்கு மட்டும் என் வகுப்பில் ஸ்கேலுக்கு அனுமதி உண்டு.