‘நிமிர்ந்து உட்கார்’ என்று அதட்டும் முன் இஞ்ச் டேப்பை எடுங்கள்

கூன் போட்டு எழுதும் பிள்ளையிடம் ‘நிமிர்ந்து உட்கார்’ என்றால் அரை நிமிடம் நிமிரும், பிறகு பழையபடி சரிந்துவிடும். சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொள்கிறோம். பல வீடுகளில் குற்றவாளி நாற்காலிதான். பெரியவர்களின் அளவுக்குச் செய்த நாற்காலியிலும் மேசையிலும் வளரும் உடம்பு வேறு எப்படியும் உட்கார முடியாது. அதைச் சரிசெய்துவிட்டு முதுகைப் பற்றிப் பேசலாம்.

தேவையானவை: இஞ்ச் டேப், எடை பார்க்கும் கருவி, கெட்டியாக மடிக்கக்கூடிய போர்வை, கால் வைக்க உறுதியான பலகையோ பெட்டியோ.

படி 1: நாற்காலியும் மேசையும்

முதலில் பிள்ளையை அளக்க வேண்டும். காலைத் தரையில் பதித்து உட்காரச் சொல்லி, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை உள்ள உயரத்தை எடுங்கள். அடுத்து, மேற்கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கச் சொல்லி, உட்காரும் பலகையிலிருந்து முழங்கை வரை அளக்க வேண்டும். பிறகு நாற்காலியின் உயரம், மேசையின் உயரம். இந்த நான்கு எண்கள் போதும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முழங்கால் மடிப்பு 35 செ.மீ., முழங்கை 18 செ.மீ., நாற்காலி 45 செ.மீ., மேசை 75 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் தரையைத் தொட இன்னும் 10 செ.மீ. வேண்டும். தொங்கும் காலின் பாரம் தொடையின் அடிப்பகுதியை அழுத்துவதால் கால் மரத்துப்போகும். அதைத் தவிர்க்கப் பிள்ளை நுனிக்கு நகர்ந்து உட்காரும். இடுப்பு பின்னால் சரியும், கீழ்முதுகு வளையும். மேலே என்ன நடக்கிறது? முழங்கை நிற்கும் உயரம் 45 + 18 = 63 செ.மீ., மேசையோ 75. பன்னிரண்டு செ.மீ. மேலே எழுத வேண்டும் என்பதால் தோள் காதுவரை ஏறிவிடும். கழுத்து வலி இங்கிருந்துதான் வருகிறது.

மேசையை அறுக்க வேண்டியதில்லை. உட்காரும் இடத்தை உயர்த்துங்கள். மேசை முழங்கையைவிட இரண்டு மூன்று செ.மீ. உயரமாக இருந்தால் எழுத வசதி. அதனால் இருக்கையை 55 செ.மீ.க்குக் கொண்டுவர 10 செ.மீ. உயர்த்த வேண்டும். போர்வையைக் கெட்டியாக மடித்துப் போடலாம், ஆனால் ஸ்பாஞ்ச் மெத்தை வேண்டாம். உட்கார்ந்ததும் அது பாதியாக அமுங்கிவிடும், அமுங்கிய பிறகு நீங்கள் போட்ட கணக்கு எதுவும் பொருந்தாது. இப்போது கால் இன்னும் உயரத்தில் தொங்கும் அல்லவா? 55 − 35 = 20 செ.மீ. உயரத்துக்குக் காலடியில் பலகை வையுங்கள். பலர் இருக்கையை உயர்த்திவிட்டுக் காலடியை மறந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் முன்பிருந்ததைவிட மோசம்.

நாற்காலியின் ஆழத்தையும் பாருங்கள். முதுகு சாய்ந்திருக்கும்போது முழங்கால் மடிப்புக்கும் நாற்காலி விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்தால் சரியாகிவிடும். வளரும் வயதில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளப்பது நல்லது.

படி 2: புத்தகமும் திரையும்

தட்டையாகக் கிடக்கும் புத்தகம் தலையைக் கீழே இழுக்கும். அதன் மேல்விளிம்புக்கு அடியில் ஒரு தடித்த ஃபைலைச் செருகிச் சற்றுச் சாய்வாக வைத்தாலே கழுத்து நிமிரும். தூரத்துக்கு ஒரு சுலப அளவு: முழங்கையை மேசையில் ஊன்றி, மடக்கிய கையைக் கன்னத்தில் வைக்கச் சொல்லுங்கள். கண் அதைவிட அருகில் போகக் கூடாது.

கணினித் திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ, ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். லேப்டாப்பில் சிக்கல் என்னவென்றால் திரையைச் சரியான உயரத்துக்கு ஏற்றினால் கீபோர்டும் கூடவே ஏறும். தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை இருந்தால் தனிக் கீபோர்டு வாங்குவதுதான் ஒழுங்கான வழி.

படி 3: அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள்

எவ்வளவு சரியாக உட்கார்ந்தாலும் அசையாமல் உட்கார்ந்தால் வலிக்கும். 30 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடக்க வேண்டும். அலாரத்தை விடத் தண்ணீர் பாட்டிலை அடுத்த அறையில் வைப்பது நன்றாக வேலை செய்யும், ஏனெனில் அலாரத்தை அணைத்துவிடலாம், தாகத்தை அணைக்க எழுந்துதான் ஆக வேண்டும். கண்ணுக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆறு மீட்டருக்கு அப்பால் உள்ள எதையாவது 20 விநாடி பார்த்தால் போதும். இடைவேளையில் செல்போன் பார்ப்பது இடைவேளைக் கணக்கில் வராது.

படி 4: பையை எடை போடுங்கள்

பையோடு ஒருமுறை, பை இல்லாமல் ஒருமுறை எடைக் கருவியில் ஏறச் சொல்லுங்கள். வித்தியாசம் உடல் எடையில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 40 கிலோ பிள்ளைக்கு 4 கிலோ, மிஞ்சினால் 6. தாண்டினால் எல்லாவற்றையும் தரையில் கொட்டிப் பாருங்கள். இன்று வேண்டாத நோட்டுகள் வெளியே வரும்.

அடுக்கும்போது கனமான புத்தகம் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். வெளிப்பக்க ஜிப்பில் கனத்தை வைத்தால் பை பின்னால் இழுக்கும், அதை ஈடுகட்டப் பிள்ளை முன்னால் குனிந்து நடக்கும். இரண்டு பட்டைகளையும் மாட்டி, பையின் அடிப்பாகம் இடுப்பு மட்டத்துக்கு வரும்வரை இழுத்துக் கட்டுங்கள். பிட்டத்தில் தட்டிக்கொண்டு தொங்கும் பை ஸ்டைலாக இருக்கலாம், தோளுக்கு அது தண்டனை. பையைக் கழற்றியதும் தோளில் சிவந்த கோடு இருந்தாலோ விரல் நுனி மதமதத்தாலோ எடையைக் குறைத்தாக வேண்டும்.

படி 5: பத்து நிமிடப் பயிற்சி, வாரம் நான்கு நாள்

சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, பார்வையை நேராக வைத்தபடி தாடையைப் பின்னோக்கி இழுங்கள். இரட்டை நாடி விழுந்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று பொருள். 5 விநாடி, 10 முறை. பலர் இழுப்பதற்குப் பதில் தலையைக் குனிகிறார்கள், அதில் பயனில்லை.

அடுத்து மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, குதிகாலை ஊன்றி இடுப்பைத் தூக்குங்கள். 12 தடவை, இரண்டு சுற்று. பிட்டத் தசை இறுக வேண்டும். தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொண்டால் குதிகாலை இன்னும் உடம்புக்கு அருகே கொண்டுவாருங்கள்.

கடைசியாக மண்டியிட்டுக் கையூன்றி, வலக்கையையும் இடக்காலையும் நீட்டி 5 விநாடி. பிறகு மாற்றி, பக்கத்துக்கு 8 முறை. இடுப்பின் மேல் ஒரு நோட்டை வைத்துச் செய்தால் தவறு உடனே தெரியும்: நோட்டு விழுந்தால் இடுப்பு திரும்புகிறது, காலை அவ்வளவு உயரம் தூக்காதீர்கள். மூச்சை அடக்க வேண்டாம்.

படி 6: வெளியே போங்கள்

மேலே சொன்ன எதுவும் விளையாட்டுக்கு மாற்று ஆகாது. 5 முதல் 17 வயதுவரை, வார சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவு உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்கிறது. வாரம் மூன்று நாளாவது ஓட்டம் போன்ற தீவிரமான பயிற்சியும், குதித்தல், ஏறுதல் போன்று தசைக்கும் எலும்புக்கும் வலு தரும் பயிற்சியும் அதில் இருக்க வேண்டும். ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை, துண்டு துண்டாகச் சேர்த்தாலும் கணக்கில் வரும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான வேகம். நாலு வார்த்தைக்கே மூச்சு முட்டினால் தீவிரம்.

இதுவரை விளையாடிப் பழக்கமில்லாதவர் முதல் வாரம் சுமார் 20 நிமிடத்தோடு நிறுத்துங்கள்: 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை, ஏழு சுற்று. வாரத்துக்கு 10 நிமிடம் கூட்டினால் ஐந்தாம் வாரம் 60 வந்துவிடும். உற்சாகத்தில் முதல் நாளே ஒரு மணி நேரம் ஓடியவர்கள்தான் மூன்றாம் நாள் கால் தூக்க முடியாமல் நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் வரும் தசை வலி இயல்பு, சில நாளில் போய்விடும். குதிகாலிலோ முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு முடிச்சிலோ வலித்தால் அது வேறு: வளரும் எலும்பைத் தசைநார் இழுக்கிறது. குதிப்பதையும் ஓடுவதையும் வலி அடங்கும்வரை குறைத்து, நடை, சைக்கிள், நீச்சல் பக்கம் போங்கள்.

பகல் வெளிச்சத்தில் விளையாடுவதில் இன்னொரு லாபம் உண்டு. அப்படி வெளியே அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை புதிதாகத் தொடங்கும் வாய்ப்பு குறைகிறது. ஏற்கெனவே போட்ட கண்ணாடி இதனால் கழன்றுவிடாது. வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தைத் தவிர்த்து, தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் எப்போது போவது?

சட்டையைக் கழற்றி, முழங்கால் மடங்காமல், கைகளைச் சேர்த்துத் தொங்கவிட்டு முன்னால் குனியச் சொல்லுங்கள். பின்னால் நின்று முதுகைக் கண் மட்டத்தில் பாருங்கள். விலாப் பக்கம் ஒன்று மற்றதைவிட மேடாகத் தெரிந்தால் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கலாம். இது நாற்காலியாலோ பையாலோ வருவதல்ல, தலையணை வைத்துச் சரியாகப் போவதும் அல்ல. உடனே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் முதுகு வலி, காலில் மரத்துப்போதல், இரண்டு வாரம் தாண்டியும் குறையாத வலி ஆகியவற்றுக்கும் அப்படியே.