தொப்பை குறைய எந்த வேகமும் போதும், ஸ்டாமினா ஏறத் தீவிரம் வேண்டும்: நடைப்பயிற்சி தொடங்குபவர்களுக்கு

மெதுவாக நடந்தால் போதுமா, மூச்சு வாங்க நடக்க வேண்டுமா? கனடாவில் வயிற்றுப் பருமன் உள்ள 300 பேரை வைத்து 24 வாரம் நடந்த உடற்பயிற்சி ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. மெதுவோ வேகமோ, இடுப்புச் சுற்றளவு ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. ஸ்டாமினா மட்டும் வேகமாகச் செய்தவர்களுக்கே அதிகம் கூடியது. குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரையும் அவர்களுக்குத்தான் இறங்கியது. அதனால் இரண்டு வேகமும் வேண்டும், வரிசை முக்கியம்.

படி 1. சர்க்கரை, பிரஷர், நெஞ்சுவலி இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

படி 2: உங்கள் வேகத்தைக் கண்டுபிடியுங்கள். நடந்துகொண்டே பாடிப் பாருங்கள். பாட முடிந்தால் அது லேசான வேகம். பேச வருகிறது, பாட வரவில்லை என்றால் மிதமான வேகம். நாலு வார்த்தைக்குள் மூச்சு வாங்கினால் தீவிரம்.

நாடியிலும் பார்க்கலாம். நின்றவுடன் மணிக்கட்டில் 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். 220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவது உச்சத் துடிப்பு. 40 வயதுக்காரருக்கு 180; அதில் சுமார் 115 முதல் 137 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரம். இது தோராயக் கணக்குதான். பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடி அவ்வளவாக ஏறாது; அவர்கள் பேச்சுச் சோதனையை மட்டும் நம்பட்டும்.

படி 3: முதல் 4 வாரம் மிதமான வேகம் மட்டும். 10 நிமிடத்தில் தொடங்கி, வாரம் 5 நாள், 30 நிமிடம் என்று கொண்டுவாருங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச 150 நிமிடம் அதிலேயே வந்துவிடும். இந்தப் படியை யாரும் தாண்டிக் குதிக்க வேண்டாம். முழங்காலும் கணுக்காலும் பழக அவகாசம் வேண்டும்.

படி 4. அப்புறம் வாரத்தில் 2 நாள் மட்டும் தீவிரம் சேருங்கள். 10 நிமிடம் சாதாரண நடை, பிறகு 1 நிமிடம் வேகம், 2 நிமிடம் மெதுவாக. இப்படி 5 சுற்று. ஓட வேண்டாம். மேம்பாலத்து ஏற்றத்தில் விரைந்து நடந்தாலே மூச்சு வாங்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சைக்கிள் நல்லது. தலைசுற்றலோ நெஞ்சில் அழுத்தமோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 5: ஸ்டாமினா கூடியதா என்று ஒப்பிடுங்கள். எடை மெஷினை இதற்கு நம்பாதீர்கள். தொடங்கும் வாரத்தில் ஒரே தெருவில் 1 கிலோமீட்டர் நடந்து, ஆன நிமிடத்தையும் நின்றவுடன் நாடியையும் குறித்துவையுங்கள். 4-ஆம் வாரமும் 12-ஆம் வாரமும் அதே தெருவில், அதே நேரத்தில் திரும்பப் பாருங்கள். அதே நிமிடத்தில் துடிப்பு குறைந்தாலோ, அதே துடிப்பில் நிமிடம் குறைந்தாலோ ஸ்டாமினா கூடியிருக்கிறது. இரண்டும் அசையவில்லையா? படி 4-இல் ஒரு சுற்று கூட்டுங்கள்.