பாட்டு வகுப்பில் சேர்த்த பிறகு பெற்றோர் செய்யும் தவறுகள்

கர்நாடக இசை வகுப்பில் பிள்ளையைச் சேர்த்த சில மாதங்களிலேயே, "எப்போ பாட்டு ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டுவிடுகிறோம். ஆரம்ப ஸ்வரப் பயிற்சிகளான சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் நமக்குப் பாட்டாகத் தெரிவதில்லை. ஆசிரியரும், வகுப்பை விட்டு நின்றுவிடுவார்களோ என்ற பயத்தில் அடுத்து வரும் தாளப் பயிற்சியான அலங்காரத்தை அரைகுறையாக முடித்து, எளிய முதல் பாட்டான கீதத்துக்குத் தாவுகிறார். முக்கால்வாசிக் கோளாறு இங்கேதான் ஆரம்பம்.

இந்த வரிசைகளை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. மாயாமாளவகௌளை ராகத்தில் அவை அமைந்ததில் சூட்சுமம் இருக்கிறது. ஸவும் ரியும் ஒட்டி நிற்கும். ரிக்கும் கவுக்கும் நடுவே நல்ல இடைவெளி. கவும் மவும் மறுபடி நெருக்கம். ப முதல் மேல் ஸ வரையிலும் இதே அமைப்புதான். கீழ்ப்பாதி காதில் ஏறிவிட்டால் மேல்பாதி சுலபம். ஏழு அலங்காரங்களோ ஏழு தாளங்களையும் கைக்குப் பழக்கிவிடும். இதையெல்லாம் மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், பாடாமல் தாண்டி வந்த பிள்ளைக்கு ஐம்பது கீர்த்தனை பாடமாகியிருக்கலாம். ஸ்வரம் எழுதிய புதுப் பாட்டு ஒன்றைக் கொடுத்தால் திணறும்.

அடுத்தது சுருதி, அதாவது பாட்டுக்கு ஆதாரமான ஸ. தம்புராவோ சுருதிப்பெட்டியோ இல்லாமல் வீட்டில் சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய்ய விடாதீர்கள். செல்போனில் இலவசச் செயலியே கிடைக்கிறது, சாக்கு வேண்டாம். சுருதியின் உயரத்தைக் குறிக்கும் கட்டையையும் கவனியுங்கள். ஆண் ஆசிரியர் தன் ஒரு கட்டையிலேயே கூட்டமாகப் பாட வைத்தால், ஐந்து கட்டைக் குரல் உள்ள சிறுமி மந்தர ஸ்தாயியில், அதாவது கீழ்க்குரலில், முனகத்தான் முடியும். மேல் பஞ்சமமும் கீழ் பஞ்சமமும் தொண்டையை இறுக்காமல் எட்டுகிற சுருதியே அவளுக்கானது. இதை ஆசிரியரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

பையன்களுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று வயதில் குரல் உடையும். "இவனுக்குப் பாட்டு வராது" என்று பலர் நிறுத்திவிடுவது அப்போதுதான். என்னைக் கேட்டால், இருப்பதிலேயே வருத்தமான தவறு இதுதான். சுருதியை இறக்கி, மேல் ஸ்தாயியைக் கொஞ்ச நாள் விட்டுவிட்டு, தாளத்திலும், கேட்டுக் கேட்டே வளரும் கேள்வி ஞானத்திலும் நேரத்தைச் செலவிடலாம். குரல் படியும்வரை பொறுத்தால் போதும்.

போட்டி, பரிசு, சான்றிதழ் எல்லாம் சரி. ஆனால் வகுப்பு தவிர வேறெங்கும் இசையே கேட்காத பிள்ளைக்கு ராகம் எப்படிப் பிடிபடும்? சென்னையில் இருப்பவர்களுக்கு மார்கழியில் பல சபாக்களின் மதியக் கச்சேரிகள் இலவசம். வெளியூர்க்காரர்கள் பக்கத்துச் சிவன் கோயிலில் ஓதுவார் பாடும் நேரத்தை விசாரித்து வைத்துக்கொள்ளலாம்.