குழந்தை என்ஐசியுவில் (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கும்போது பால் எடுப்பதில் நடக்கும் தவறுகள்

போன வாரம் ஒரு புது நர்ஸ், இன்குபேட்டர் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஃப்ரிட்ஜில் இடமே இல்லைம்மா. நாலு தடவை எடுத்தால் போதும், கொஞ்சம் தூங்குங்க." எனக்குச் சுருக்கென்றது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் சொன்னேன். கை கழுவுவது, பாட்டிலில் பெயர், தேதி எழுதுவது எல்லாம் யாரும் சொல்லிக்கொடுப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

குழந்தை குடிக்கும் அளவுக்கு மட்டும் எடுப்பது

28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு முதல் சில நாள் குழாய் வழியாகப் போவது வேளைக்கு ஒன்றிரண்டு மி.லி.தான். அம்மாவுக்கோ மூன்றாம், நாலாம் நாளில் பால் இறங்கி பாட்டில் நிறையத் தொடங்கும். இவ்வளவு எதற்கு என்று தோன்றுவது இயல்பு. ஆனால் எடுக்க வேண்டியது இன்றைய தேவைக்கு அல்ல, குழந்தை வீட்டுக்குப் போகும்போது இருக்கும் பசிக்கு. தேவை முழுவதையும் பாலிலேயே எடுக்கத் தொடங்கிவிட்டால் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மி.லி. வேண்டும், எடை ஏற ஏற அதுவும் ஏறும். இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைக்கு 500 முதல் 750 மி.லி. வரை வர வேண்டும் என்று நாங்கள் நச்சரிப்பது இதனால்தான்.

மார்பில் பால் தேங்கினால் சுரப்பு தானாகவே மட்டுப்படும். முதல் இரண்டு வாரத்தில் 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை எடுத்துப் பழக்கினால்தான் பின்னால் சுரப்பு நிலைக்கும். அப்போது விட்டதைப் பிறகு பிடிப்பது பெரும்பாடு.

நான் "போதும்" என்று சொன்ன அம்மா நாலு தடவைக்கு இறங்கினார். சேமிப்பு மளமளவென்று கரைந்தது. நாலாவது வாரம் ஒரு தடவைக்குப் பாட்டிலின் அடியில் 15 மி.லி. கிடந்தது, குழந்தைக்கு அதைப்போல இரண்டு பங்கு வேண்டியிருந்தது. மறுபடி எட்டு தடவை எடுத்தும் பழைய அளவு திரும்பவில்லை. ஃப்ரிட்ஜில் இடமில்லை என்றால் ஃப்ரீசருக்கு மாற்றச் சொல்லியிருக்கலாம், தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று விசாரித்திருக்கலாம். ஒரு தட்டு இடத்துக்காக ஒரு அம்மாவின் பாலைக் குறைத்தேன். இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

"குழந்தைக்கு இன்னும் பால் ஆரம்பிக்கவில்லையே" என்று காத்திருப்பது

பிறந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே தொடங்கினால் நல்லது, ஆறு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். சிசேரியன் ஆனாலும் படுத்தபடியே கையால் பீய்ச்சலாம். முதல் நாள் சீம்பால் சொட்டுக் கணக்கில்தான் வரும். பம்ப் மட்டும் போட்டால் அது மார்பில் வைக்கும் புனலிலேயே ஒட்டிக்கொண்டு வீணாகும். சொட்டை நேரே சிரிஞ்சில் பிடித்துக் கொடுங்கள். டாக்டர் சரி என்றால் குழந்தையின் கன்னத்து உட்புறம் தடவுவோம்.

இரவு முழுக்க எடுக்காமல் விடுவது

ஒரு தடவையாவது எழுந்திருங்கள்.

வலியைப் பொறுத்துக்கொள்வது

புனல் அளவு சரியில்லாமல் இருக்கலாம். மாற்றிக் கேளுங்கள்.

பாட்டிலையே முறைத்துப் பார்ப்பது

பதற்றம் பால் இறங்குவதைத் தடுக்கும். குழந்தையை மார்போடு அணைத்து கங்காரு பராமரிப்பு கொடுத்து முடித்த கையோடு, அங்கேயே உட்கார்ந்து எடுத்துப் பாருங்கள். அப்புறம், பாட்டிலுக்கு ஒரு சாக்ஸை மாட்டிவிடுங்கள். எத்தனை மி.லி. என்று எடுத்து முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.