60 கம்ப்யூட்டர், 25 லைசென்ஸ்: லேபில் மேட்லேப் போடுவது எப்படி

பெருந்துறைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறேன். ஜூலை பிறந்தால் போதும், அக்கம்பக்கத்துக் காலேஜ்களில் புதிதாகச் சேர்ந்த லேப் தம்பிகளிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "ஏனுங்ணா, மேட்லேப் இன்ஸ்டால் ஆயிருச்சுங், ஆனா தொறந்தா லைசென்ஸ் இல்லைங்குதுங், என்னங்ணா பண்றது?" ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம், அதனால் இங்கேயே எழுதி வைக்கிறேன். கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் உச்சரிப்பில்தான் எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

மேட்லேப் என்பது இன்ஜினியரிங் கணக்குகளைப் போடுகிற சாஃப்ட்வேர். அதைப் போடுவது பெரிய காரியமே இல்லை, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அமுக்கிக்கொண்டே போனால் முடிந்தது. லைசென்ஸ்தான் வேலை வாங்கும். ஒரே ஆள் ஒரே மெஷினில் வைத்துக்கொள்ளும் தனி லைசென்ஸ் என்றால் கம்பெனி தளத்தில் கணக்குத் திறந்து லாகின் பண்ணினால் சரி. லேபுக்கு வாங்குவது பெரும்பாலும் நெட்வொர்க் லைசென்ஸ். அது கல்யாணப் பந்தி மாதிரி. மண்டபத்தில் 60 பேர் இருக்கலாம், இலை 25 தான். 60 மெஷினிலும் மேட்லேப் போட்டுக்கொள்ளலாம், ஒரே நேரத்தில் 25 பேர்தான் திறக்க முடியும், ஒருவர் எழுந்தால்தான் அடுத்தவர் உட்காரலாம். டூல்பாக்ஸ் என்று மேட்லேப்போடு சேர்த்து வாங்கும் துணைத் தொகுப்புகள் ஒவ்வொன்றுக்கும் இலைக்கணக்கு தனி. இலையை எண்ணிப் போடுகிற ஆள்தான் லைசென்ஸ் சர்வர்.

முதலில் சர்வர் மெஷின்

இதற்கு பெரிய மெஷின் வேண்டியதில்லை, பழைய ஐ3 போதும். ஆனால் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும், ஐபி முகவரி மாறாமல் இருக்க வேண்டும், யாரும் வந்து பெயரை மாற்றக் கூடாது. பயாஸில் போய், கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆகிற மாதிரி வைத்துவிடுங்கள்.

அடுத்தது ஹோஸ்ட் ஐடி, அதாவது லைசென்ஸ் எந்த மெஷினுக்கு என்று அடையாளம் காட்டும் எண். கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல் என்று அடித்தால் ஃபிசிக்கல் அட்ரஸ் என்று 12 எழுத்தும் எண்ணுமாக ஒன்று வரும். மூன்று நான்கு கார்டு காட்டும், அதில் மதர்போர்டிலேயே இருக்கும் லேன் கார்டுடையதை மட்டும் எடுங்கள். வைஃபை வேண்டாம், யுஎஸ்பி அடாப்டர் வேண்டவே வேண்டாம்.

இது பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு ஐப்பசி இடிமழையில் எங்கள் சர்வரின் லேன் போர்ட் போய்விட்டது, அவசரத்துக்கு ஒரு யுஎஸ்பி லேன் அடாப்டரைச் செருகி, அதன் எண்ணுக்கே லைசென்ஸும் வாங்கிவிட்டேன். இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. செமஸ்டர் பிராக்டிகல் அன்று காலை சர்வரைப் போட்டால் லைசென்ஸ் எழவே இல்லை, லாக் ஃபைலைத் திறந்தால் ஹோஸ்ட் ஐடி தப்பு என்று நிற்கிறது. முந்தின நாள் சாயந்திரம் செமினார் ஹாலுக்கு வேண்டுமென்று யாரோ அடாப்டரைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள், கூடவே 25 லைசென்ஸும் போய்விட்டது. ஹால் பூட்டியிருந்தது, சாவி வைத்திருந்த அண்ணன் பவானியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்.

சரி, எண்ணை எழுதிக்கொண்டீர்களா? காலேஜ் பெயரில் இருக்கும் கணக்கில் நுழைந்து, லைசென்ஸ் சென்டரில் அந்த எண்ணைக் கொடுத்தால் ஒரு லைசென்ஸ் ஃபைலும் ஒரு நீளமான இன்ஸ்டலேஷன் கீயும் தருவார்கள். இரண்டையும் பென்டிரைவில் ஒரு பிரதி வையுங்கள்.

இன்ஸ்டாலரை ஓட்டி, மேலே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்பதில் நெட்வொர்க் லைசென்ஸ் மேனேஜரை மட்டும் தேர்ந்தெடுத்து சர்வரில் போடுங்கள். போட்டதும் எல்எம்டூல்ஸ் என்று ஒரு புரோகிராம் இருக்கும். அதில் கான்ஃபிக் சர்வீஸஸ் பக்கத்தில் 'யூஸ் சர்வீஸஸ்', 'ஸ்டார்ட் சர்வர் அட் பவர் அப்' இரண்டு டிக்கையும் போட்டால் மெஷின் எழும்போது லைசென்ஸும் சேர்ந்து எழும்.

ஃபயர்வால்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். லைசென்ஸ் மேனேஜர் 27000 என்ற போர்ட்டில் காத்திருக்கும், அதைத் திறந்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள். ஆனால் அதன் பின்னாலேயே எம்எல்எம் என்று இன்னொரு புரோகிராம் ஓடும், அது ஒவ்வொரு தடவையும் கைக்குக் கிடைத்த போர்ட்டை எடுத்துக்கொள்ளும். அதனால் லைசென்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து, டீமன் என்று தொடங்கும் வரியின் கடைசியில் போர்ட்=27001 என்று சேர்த்து, சர்வீஸை நிறுத்தி மறுபடி ஓடவிட்டு, 27000, 27001 இரண்டையும் ஃபயர்வாலில் திறந்துவிடுங்கள்.

மாணவர் மெஷின்கள்

ஒரே ஒரு மெஷினில் போட்டுப் பாருங்கள், 60 மெஷினிலும் ஒரேயடியாக இறங்க வேண்டாம். இன்ஸ்டால் முடிந்ததும், மேட்லேப் ஃபோல்டருக்குள் லைசென்ஸஸ் என்ற ஃபோல்டரில் நெட்வொர்க் டாட் எல்ஐசி என்று ஒரு ஃபைல் வேண்டும். உள்ளே இரண்டே வரி: சர்வர் என்ற சொல், அதன் பின்னால் சர்வர் மெஷினின் பெயர், ஹோஸ்ட் ஐடி, 27000, அடுத்த வரியில் யூஸ் அண்டர்ஸ்கோர் சர்வர் என்று மட்டும். நோட்பேடில் எழுதிச் சேமித்தால் விண்டோஸ் கமுக்கமாகப் பின்னால் டாட் டிஎக்ஸ்டியை ஒட்டிவிடும், கண்ணுக்கும் தெரியாது. வியூவில் போய் ஃபைல் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லிச் சரிபாருங்கள்.

திறந்ததும் இதை அடியுங்கள்:

[3 2; 1 4] \ [66; 72]

3 டீயும் 2 பன்னும் 66 ரூபாய், 1 டீயும் 4 பன்னும் 72 ரூபாய் என்றால் தனித்தனியாக என்ன விலை என்ற கணக்கு. 12, 15 என்று வந்தால் எல்லாம் சரி, அப்புறம் டிஸ்கை அப்படியே பிரதி எடுக்கும் குளோன்சில்லாவில் இமேஜ் எடுத்து மற்ற மெஷின்களுக்கு இறக்கிவிடலாம். மெஷினுக்கு மெஷின் ஆக்டிவேட் பண்ண வேண்டியதில்லை.

மைனஸ் 15 என்று எரர் வந்தால் சர்வரைத் தொட முடியவில்லை என்று அர்த்தம்: சர்வர் ஓடுகிறதா, பெயர் சரியா, போர்ட் திறந்திருக்கிறதா என்ற வரிசையில் பாருங்கள். மைனஸ் 10 என்றால் லைசென்ஸ் காலம் முடிந்துவிட்டது. மைனஸ் 4 என்றால் இலை தீர்ந்துவிட்டது. எல்எம்டூல்ஸில் சர்வர் ஸ்டேட்டஸ் போய்ப் பார்த்தால் எந்த மெஷின் எத்தனை மணிக்கு உட்கார்ந்தது என்று பட்டியலே வரும். நான் பார்த்தவரை, மேட்லேப்பை மூடாமல் ஸ்கிரீனை லாக் பண்ணிவிட்டு கேன்டீன் போனவர்கள்தான் அதில் பாதிப் பேர், சாப்பிட்டு முடித்தும் இலையை மடிக்காதவர்கள். சிலர் லைசென்ஸ் மேனேஜருக்கான ஆப்ஷன்ஸ் ஃபைலில் ரிசர்வ் என்று எழுதி ஆசிரியர்களுக்கு ஐந்து ஒதுக்கி வைப்பார்கள். அந்த ஐந்தும் யாரும் உட்காராவிட்டாலும் காலியாகவே கிடக்கும், எனக்கு அது பிடிக்காது.

மேப்பிள் என்ற இன்னொரு கணக்கு சாஃப்ட்வேருக்கும் கிட்டத்தட்ட இதே நடைமுறைதான். அதே மாதிரியான மேத்தமேட்டிகா மட்டும் மேத்எல்எம் என்ற தன்னுடைய மேனேஜரை வைத்திருக்கிறது, அதற்கு 16286, 16287 போர்ட்களைத் திறக்க வேண்டும்.

இன்னொன்று, காலேஜ் லைசென்ஸ் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும்தான். கோயம்புத்தூர் பம்ப் கம்பெனிக்குக் காசு வாங்கிக்கொண்டு கன்சல்டன்சி பண்ணுகிற ஆசிரியர் அதை இதே லைசென்ஸில் பண்ணக் கூடாது, முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"வீட்ல போட்டுக்கறதுக்குக் குடுங்ணா" என்று பசங்க கேட்பார்கள். கேம்பஸ் முழுக்கான லைசென்ஸ் இருந்தால் காலேஜ் மெயிலிலேயே அவர்கள் போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் கிராக் பக்கம் போக விடாமல், மேட்லேப் மாதிரியே இருக்கும் ஆக்டேவைக் கொடுங்கள். இலவசம், லைசென்ஸ் சர்வர் என்ற பேச்சே இல்லை, உபுண்டுவில் ஒரே வரியில் இறங்கிவிடும், முதலாண்டு எண்முறைக் கணக்குகளுக்கு எழுதிய புரோகிராம் பெரும்பாலும் மாற்றமில்லாமல் ஓடும். டீ பன் கணக்குக்கு அதிலும் 12, 15 தான். மேட்லேப்போடு வரும் சிமுலிங்க் மட்டும் அதில் கிடையாது, அந்த மாதிரி பிளாக் போட்டு வரைகிற வேலைக்கு சைலேப் என்ற இன்னொரு இலவச சாஃப்ட்வேரில் எக்ஸ்காஸ் இருக்கிறது, ஆனால் சிமுலிங்க்கில் வரைந்த மாடலை அப்படியே அதில் திறக்க முடியாது, மறுபடி வரைய வேண்டியதுதான்.