எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மெதுவாக காப்பி செய்கிறதா? முதலில் கேபிளைப் பாருங்கள்

காப்பி வேகம் நொடிக்கு 30–40 எம்பியைத் தாண்டவில்லை என்றால், டிஸ்க் பெரும்பாலும் பழைய, மெதுவான யுஎஸ்பி 2.0 வேகத்தில்தான் இணைந்திருக்கிறது. யுஎஸ்பி 3.0 போர்ட்டில் அதே டிஸ்க் 100 எம்பிக்கு மேல் தரும். போர்ட்டின் உள்ளே நீல நிறமோ, பக்கத்தில் எஸ்எஸ் என்ற குறியோ இருக்கிறதா பாருங்கள். எல்லா நிறுவனங்களும் நீலம் வைப்பதில்லை.

பலர் கவனிக்காதது கேபிளைத்தான். டிஸ்க் பக்கமுள்ள அகலமான சாக்கெட்டின் பெரிய பாதியில் பழைய போன் சார்ஜர் கேபிளும் பொருந்திவிடும், டிஸ்க்கும் வேலை செய்யும். ஆனால் 3.0-க்கான கூடுதல் கம்பிகள் அதில் இல்லாததால் வேகம் ஏறாது. சரியான கேபிளையும் தயங்கித் தயங்கிச் செருகினால் சில சமயம் 2.0-வாகவே இணையும், கழற்றி, ஒரே மூச்சில் முழுதாகச் செருகுங்கள்.

மின்சாரம் தனியாக வராத ஹப்பை (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் கருவி) தவிர்த்து, கணினியில் நேரடியாக இணையுங்கள். டெஸ்க்டாப்பில் பின்பக்க போர்ட்டே நல்லது. மின்சாரம் போதாவிட்டால் டிஸ்க் 'டிக் டிக்' என்று ஒலித்து நடுவில் துண்டிக்கும். கோப்புகள் கெட்டுப்போக இது போதும்.

ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் எந்த போர்ட்டிலும் மெதுவாகத்தான் போகும். அவற்றை ஒரே ஜிப் கோப்பாக்கி அனுப்புங்கள்.