மிச்சம் வைத்து நிறுத்துங்கள்

நான் மெய்ப்புத் திருத்துகிற வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தே கழியும் பிழைப்பு. 46 வயதில் திடீரென்று ரோஷம் வந்து, புது ஷூ வாங்கி, ஓட்டப் பயிற்சிக்கென்று ஒரு செயலியை மொபைலில் இறக்கி, முதல் நாளே 3 கிலோமீட்டர் ஓடினேன். பத்து நாள் விடாமல் ஓடினேன். பதினோராவது நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி குத்தின மாதிரி வலி. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போனேன். செயலிக்கு அதெல்லாம் தெரியுமா? "இன்று 4 கிலோமீட்டர்!" என்று ஆச்சரியக்குறி போட்டுக் கூப்பிட்டது.

பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். அவர் குதிகாலைத் தொடவே இல்லை. "அந்த நாற்காலியில் உட்காருங்கள். சரி, இப்போது எழுந்திருங்கள்" என்றார். எழுந்தேன். "கை எங்கே போச்சு, கவனிச்சீங்களா?" என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். இரண்டு கையும் தொடையில் ஊன்றியிருந்தன. கை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாத ஆள்தான் தினமும் 3 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன். ஓட்டம் தப்பில்லை, உங்கள் காலுக்கு அதற்குள் அவ்வளவு சுமை ஏற்றியதுதான் தப்பு என்றார். மூச்சும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநார்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆர்வம் முன்னே ஓட, குதிகால் பின்தங்கிவிட்டது.

அன்றைக்குப் பிறகு மூன்று வருஷமாக என்ன செய்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உடம்பைச் சிற்பம் மாதிரி செதுக்க நினைப்பவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. இதய நோய், சர்க்கரைக்கு மருந்து, சமீபத்தில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்று ஏதாவது இருந்தால் முதலில் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒரு வாரம் ஒன்றும் செய்யாதீர்கள்

நிஜமாகத்தான் சொல்கிறேன். ஒரு சின்ன நோட்டில் மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தேன், காலையில் எழுந்தபோது உடம்பு எப்படி இருந்தது, பகலில் எந்த நேரத்தில் ஓய்ந்துபோனேன். எடை, இடுப்பளவு எதுவும் வேண்டாம்.

என் நோட்டு எனக்கே அதிர்ச்சி கொடுத்தது. அந்த வாரம் நான் கோட்டை விட்ட பிழைகளைத் தேடிப் பார்த்தேன். பெரும்பாலானவை மாலை 4 மணிக்கு மேல் பார்த்த பக்கங்கள். வீட்டில் எரிந்து விழுந்ததும் அதே நேரம்தான். கண்ணுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டுமோ என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்! மதியத்திலிருந்து ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை என்பதைக் கவனிக்கவே இல்லை. என் நடைக்கான நேரத்தை அந்த நோட்டுதான் முடிவு செய்தது. உங்கள் நோட்டு வேறு நேரம் சொல்லலாம்.

நாற்காலியிலிருந்து எழுவது

இது ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்றதையெல்லாம் விட்டாலும் எனக்குச் சம்மதம்தான். முப்பதுகளுக்குப் பிறகு தசை மெல்ல மெல்லக் குறைய ஆரம்பிக்கிறது. பயன்படுத்தாவிட்டால் இன்னும் சீக்கிரம் குறையும். தொடையும் பின்புறமும்தான் உடம்பிலேயே பெரிய தசைகள். நாள் முழுக்க அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறோம்.

சக்கரம் இல்லாத, உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இருக்கையின் முன்பாதியில் உட்காருங்கள். பாதம் இரண்டும் இடுப்பகலத்துக்குத் தரையில் பதியட்டும். குதிகால் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கட்டும். இந்தக் கடைசி விஷயத்தை நான் ரொம்ப நாள் தவறாகச் செய்தேன். பாதம் முன்னால் நீட்டியிருந்தால் எவ்வளவு பலம் இருந்தாலும் எழ முடியாது, செய்து பாருங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள். முதுகை வளைக்காமல், மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாயுங்கள். தரையைப் பாதத்தால் அழுத்தி, மூச்சை வெளியே விட்டபடி எழுங்கள்.

இப்போதுதான் முக்கியமான பகுதி. உட்காரும்போது மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி இறங்குங்கள். தொப்பென்று விழக்கூடாது. கடைசி நாலு விரற்கடையில் எல்லோருக்கும் பிடி நழுவும், எனக்கும் நழுவியது. வேலையே அந்த நாலு விரற்கடையில்தான் இருக்கிறது. இப்படி மெதுவாக இறங்குவதால் அடுத்த ஒன்றிரண்டு நாள் தொடையில் மந்தமான வலி இருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம், தானாகப் போய்விடும். ஊசி குத்துவது போன்ற வலியோ, மூட்டுக்குள்ளே வலியோ வந்தால் நிறுத்துங்கள்.

கை ஊன்றாமல் எழ முடியவில்லையா? இருக்கையை உயர்த்துங்கள். நான் ஒரு போர்வையை எட்டாக மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஆரம்பித்தேன். வாரம் ஒரு மடிப்பாகப் பிரித்தேன். ஆறாவது வாரம் போர்வை அலமாரிக்குப் போய்விட்டது.

எத்தனை தடவை? எட்டு முடியும் என்றால் ஐந்தோடு நிறுத்துங்கள். என் முறையே மொத்தம் இவ்வளவுதான். "இன்னும் இரண்டு மூன்று போடலாமே" என்று உடம்பு சொல்லும்போது எழுந்து போய்விட வேண்டும். முதல் மாதம் எனக்கு இது அவமானமாகக்கூட இருந்தது. ஏதோ ஏமாற்றுகிற மாதிரி. ஆனால் ஓட்டத்தைப் பத்து நாளில் விட்ட நான், இதை இன்னும் விடவில்லை. காலையில் ஒரு ஐந்து, மாலையில் ஒரு ஐந்து என்று ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒன்றைக் கூட்டினால் போதும்.

முதியவர்களின் கால்பலத்தைப் பார்க்க 30 விநாடியில் இப்படி எத்தனை தடவை எழுகிறார்கள் என்று எண்ணும் சோதனை ஒன்று உண்டு. நான் மாதம் ஒரு தடவை அதைச் செய்து நோட்டில் குறிக்கிறேன். போர்வை போன மாதம் 9, இப்போது 15. எடைமேடையைவிட இந்த எண் எனக்குப் பிடித்திருக்கிறது.

கைக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துச் சாய்ந்து தள்ளுவது. கெண்டைக்காலுக்கு, மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி மெல்ல இறக்குவது. இதே கணக்குதான், இதே மிச்சம்தான். பெரிய தசைகளுக்கு வேலை தரும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கு இவை ஒரு நல்ல தொடக்கம்.

நடை

பத்தாயிரம் அடி கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். அது எந்த மருத்துவரும் எழுதிக்கொடுத்ததில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருஷம், 1965இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு 'மான்போ-கெய்' என்று பெயர் வைத்தார்கள். 'பத்தாயிரம் அடி மானி' என்று அர்த்தம். விற்பனைக்காக வைத்த பெயர் அறுபது வருஷமாக நம்மை மிரட்டிக்கொண்டிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்கிறது. இதைவிட எனக்கு ஆறுதல் தந்தது வேறொன்று: ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை அதில் எடுத்துவிட்டார்கள். மாடிப்படி ஏறிய இரண்டு நிமிடமும் கணக்கில் சேரும். அப்புறம் என்ன, அரைமணி நேரம் கிடைக்கவில்லை என்ற சாக்கு போயிற்று.

மிதம் என்றால் எவ்வளவு வேகம்? பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. இதற்குக் கடிகாரமோ, நாடி பார்க்கும் கைப்பட்டையோ தேவையில்லை. நான் நடந்துகொண்டே ஒரு வரி பாடிப் பார்ப்பேன். நிம்மதியாகப் பாட வந்தால் வேகம் போதாது. இரண்டு வார்த்தை பேசவே மூச்சு வாங்கினால் அதிகம்.

உட்கார்ந்தே இருக்கிற வேலைக்காரர்களிடம் நான் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. 1953இல் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டனின் மாடிப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து எழுதினார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. நடத்துநர் யாரும் உடற்பயிற்சி என்று தனியாக ஒன்றும் செய்யவில்லை. வேலையைத்தான் செய்தார்கள்.

எனக்கு மாலை 4.10க்கு ஏழு நிமிடம். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து நடப்பேன். அப்புறம் தொலைபேசி வந்தால் உட்கார்ந்து பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை என் கல்லூரித் தோழியிடம் பேசுவேன். அவள் அவள் தெருவில் நடப்பாள், நான் என் தெருவில். "மூச்சு வாங்குதே, மேடா?" என்று கேட்பாள். நாற்பது நிமிடம் போவதே தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம், 1948இல் நடைமுறைக்கு வந்தது, ஆரோக்கியம் என்பதில் உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்தே சொல்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை நடையில் மூன்றும் ஒரே செலவில் முடிந்துவிடுகிறது என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

மூச்சும் தூக்கமும்

மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது நாடி கொஞ்சம் விரையும், விடும்போது தணியும். பலருக்கு விரலிலேயே தெரியும். அதனால்தான் வெளிமூச்சை நீட்டச் சொல்கிறார்கள். நாலு எண்ணி இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள். பத்து மூச்சு, இரண்டு நிமிடம்கூட ஆகாது. நான் கோபமான மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் செய்வேன். தலை சுற்றினால் விட்டுவிடுங்கள். பெரிதாக இழுக்க வேண்டிய அவசியம் இல்லை, சாதாரண மூச்சே போதும்.

தூக்கத்தில் படுக்கும் நேரத்தைப் பிடிக்கப் பார்த்து நான் தோற்றேன். எழும் நேரத்தைப் பிடித்தேன், படுக்கும் நேரம் தானாக வந்தது. விடுமுறையிலும் அதே மணிக்கு எழுவதுதான் கஷ்டம். எழுந்ததும் வெளிச்சத்தில் பத்து நிமிடம் நிற்பேன். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். காபியில் இருக்கும் காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். மாலைக் காபியை நான் விட்டதற்கு அதுதான் காரணம். மொபைல் வேறு அறையில் தூங்குகிறது.

சாப்பாட்டைப் பற்றி ஒரே வரி: மெய்ப்புத் தாளுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினேன்.

முடியாத நாள்

வரும். காய்ச்சல் வந்தால் படுங்கள், அதில் வீரம் ஒன்றும் இல்லை. மற்றபடி சோர்வான நாளில் நான் ஒரே ஒரு தடவை எழுந்து உட்கார்ந்துவிட்டு நோட்டில் '1' என்று எழுதுவேன். மறுநாள் வழக்கமான எண்ணிக்கைதான். நேற்றையதையும் சேர்த்துப் போடுவது கிடையாது. குதிகாலைக் கெடுத்துக்கொண்டதே அப்படி அளவுக்கு மீறிச் சுமை ஏற்றப் போய்த்தான்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பழக்கம் உருவாவதைப் பற்றி ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் அளவுக்குப் பழகச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே பழகிவிட்டது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. இடையில் ஒரு நாள் விட்டது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. எனக்கு எத்தனை நாளில் பழகியது என்று தெரியாது, எண்ணவில்லை. ஒரு நாள் மருத்துவரின் வரவேற்பறையில் பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்தேன், கை ஊன்றவில்லை. அப்போதுதான் தெரிந்தது.

நடக்கும்போது நெஞ்சை அழுத்துவது, மயக்கம் வருவது, வழக்கத்துக்கு மீறி மூச்சு முட்டுவது எதுவானாலும் உடனே நிறுத்தி மருத்துவ உதவி தேடுங்கள். அதை நோட்டில் எழுதி வைத்துப் பார்க்கிற விஷயமாக எண்ண வேண்டாம்.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை என் நோட்டில் இருப்பது இது: "11.40 படுத்தேன். கழுத்து பிடிப்பு. 4.10 நடை, மழை, மாடிப்படியில் நாலு சுற்று. நாற்காலி 1."